அடிநாதத்தின் பாரம்

பொருநராற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் யாழ் வருணிக்கப்படும் இடங்களைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே யாழ் ஒரே பொருளாக வருவதில்லை. உறுப்பு உறுப்பாக வருகிறது. பத்தல், அதன்மேல் போர்த்திய தோல், வளைந்த கோடு, திவவு, நரம்பு என ஒவ்வொன்றையும் புலவர் தொட்டுத்தொட்டுச் சொல்கிறார். நரம்பு அதிர்வது மட்டும் இசையாகாது, அந்த அதிர்வை வாங்கிப் பெருக்கித் தரும் பத்தலும் சேர்ந்ததே கருவி என்ற தெளிவு அந்த வருணனைகளில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதப் புகுந்து யாழில் தொடங்கக் காரணம் உண்டு. பேஸ் கிட்டாரின் உடல் பெரும்பாலும் திண்மரம். மின் இணைப்பின்றி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். அதன் பத்தல் அதன் உடலில் இல்லை. கம்பிக்குக் கீழே உள்ள காந்தச் சுருளில் தொடங்கி கேபிள், ஆம்ப், மிக்ஸர், ஸ்பீக்கர் பெட்டி எனப் பல கைகள் மாறி, அரங்கின் சுவர்வரை அது நீண்டு கிடக்கிறது. நம் மேடைகளில் வாசிக்கும் பேஸ் கலைஞர்களில் பலர் கிட்டாரைத் தம்முடையதாகவும், மற்ற அனைத்தையும் மைக் செட்காரருடையதாகவும் கருதுகிறார்கள். இந்தப் பிரிவினை தவறு என்பதே என் கருத்து. பத்தலைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோட்டையும் நரம்பையும் மட்டும் காப்பவனை யாழ்ப்பாணன் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கருவியே தூக்கிச் செல்லும் துன்பத்திலிருந்தும் பிறந்தது. 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை, ஆள் உயர டபுள் பேஸைத்தான் கலைஞர்கள் ஊர் ஊராகச் சுமந்தார்கள். டிரம்ஸும் பித்தளைக் குழல்களும் முழங்கும் மேடையில் அதன் ஒலியும் எடுபடவில்லை. புதிய கருவி தோளில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியது. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை. கருவியிலிருந்து பெட்டிக்கு இடம்பெயர்ந்தது. 1969இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் 'எஸ்.வி.டி.' 300 வாட்ஸ் தரும் வால்வு ஆம்ப். அதன் தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். இன்று 'கிளாஸ் டி' வகை ஆம்ப் மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் 500 வாட்ஸ் தருகிறது. சுமை குறைந்துவிட்டது. எதற்குப் பணம் செலவிடுவது என்ற தெளிவு மட்டும் வரவில்லை.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கேள்வி இயல்பானது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்தநிலையில் மீட்டினால் எழுவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். தாழ்ந்த அதிர்வெண்களை நம் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே பேஸுக்கு ஆற்றல் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆற்றலை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. கேட்பவருக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 500 வாட்ஸை விற்று 1000 வாட்ஸ் வாங்குபவர் பணத்துக்கேற்ற வேறுபாட்டைக் கேட்கப்போவதில்லை. அதே 3 டெசிபலை, உணர்திறன் அந்த அளவு கூடிய ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஆம்பை மாற்றாமலேயே தந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். கல்யாண மண்டபத்தின் மூலைகளில் இந்த அலைகள் திரண்டு நிற்கும். வேறு சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமற்போகும். உள்ளீடற்ற பலகை மேடையோ தானே ஒரு முரசாகிவிடும். மேடையில் நிற்கும் கலைஞனுக்குக் குறைவாகக் கேட்பது முன்வரிசையில் இருப்பவரின் நெஞ்சைக் குலுக்கிக்கொண்டிருக்கலாம். இந்நிலையில் அவன் ஒலியைக் கூட்டினால் தெளிவு மேலும் கெடும். பெரும்பாலான அரங்குகளில் மருந்து எதிர்த்திசையில் இருக்கிறது: தாழ்வெண்களைச் சற்றுக் குறைத்து இடைவெண்களைச் சற்று உயர்த்துவது; பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துவது; கூடுமானால் செவியின் உயரத்துக்கு ஏற்றிவைப்பது.

நம் சூழலில் 'பேஸ்' என்ற சொல்லுக்கே பொருள் திரிந்துவிட்டது. காரிலும் மேடையிலும் "பேஸ் நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், இடி நன்றாக இருக்கிறது என்று பொருள். பேஸ் கிட்டார் இடி அல்ல, சுரம். கீபோர்டில் ஏ, சி, ஈ என்னும் மூன்று சுரங்கள் ஒலிக்கும்போது கீழே பேஸ் 'ஏ' வாசித்தால் அது ஏ மைனர். அதே மூன்றின் கீழ் 'எஃப்' வாசித்தால் எஃப் மேஜர் செவன்த். மேலே ஒரு விரலும் அசையவில்லை. பாட்டின் முகம் மாறிவிடுகிறது. இளையராஜாவின் பாடல்களில் வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பேஸ் தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காமல் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக நடக்கிறது. அந்தப் பாடல்களையே இன்னிசைக் கச்சேரிகளில் கேளுங்கள். கீழே ஒரே முழக்கம். எந்தச் சுரம் என்று சொல்ல முடியாது. கலைஞன் சரியாகத்தான் வாசித்திருப்பான். அவன் வாசித்தது நம்மை வந்தடையவில்லை, அவ்வளவுதான்.

அது வந்தடைய என்ன செய்யலாம்? ஊர்தோறும் வேறு வேறு சவுண்ட் சர்வீஸ். மேடையில் கிடைக்கும் ஆம்ப் எதுவென்று முன்கூட்டித் தெரியாது. எனவே தோள்பையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. முதற்செலவு, கையிலுள்ள கிட்டாரை நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு, சுரத்தானம் ஆகியவற்றைச் சரிசெய்வது. இரண்டாவது, சொந்தமாக ஒரு நல்ல டி.ஐ. பாக்ஸ். கிட்டாரின் மெல்லிய மின்குறியை, நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாமல் மிக்ஸருக்குச் செல்லும் சமநிலைக் குறியாக மாற்றுவது அதன் வேலை. உள்ளங்கை அளவுப் பெட்டிதான். ஆனால் அது இருந்தால், மேடை ஆம்ப் எவ்வளவு மோசமானாலும் அவையோர் கேட்பது உங்கள் ஒலியாக இருக்கும். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தவற்றுள் பெரும்பகுதி, ஆம்ப் இன்றி நேரடியாக மிக்ஸருக்குள் சென்று பதிவானதே. உலகமே அந்த பேஸைத்தான் கேட்டது.

மூன்றாவது கேபிள். இதில் ஒரு வேறுபாடு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்புக்குச் செல்வது உறையிட்ட மெல்லிய கேபிள். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது இரட்டைத் தடிக்கம்பி. முனை ஒன்றுபோல் இருக்கிறதே என்று முன்னதைப் பின்னதன் இடத்தில் செருகினால் கேபிள் சூடேறும்; ஆம்பும் பழுதாகலாம். 8 ஓம் பெட்டிகள் இரண்டை வழக்கமான முறையில் இணைத்தால் ஆம்ப் எதிர்கொள்வது 4 ஓம். அதற்குக் கீழே போகலாமா என்பதை ஆம்பின் பின்புறம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. சொந்த ஆம்ப் என்பது இவை அனைத்துக்கும் பிறகு, வருமானம் இடம்கொடுக்கும்போது. நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரிய ஆம்பில் தொடங்கி மலிவான கேபிளில் முடிக்கிறார்கள்.

இனிச் சொல்வது ரசனை பற்றியதன்று, உயிர் பற்றியது. மேடை மின்சாரத்தில் நாம் காட்டும் அலட்சியம் அச்சந்தருவது. பிளக் இல்லாத வயர் நுனிகளைத் துளையில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்துவதைத் திருவிழா மேடைகளில் காணாதவர் யார்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தாழ்ந்த 'ஜி' 49 ஹெர்ட்ஸ். ஆகவே எர்த் கோளாறால் எழும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பேஸ் கலைஞனின் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறுகிறது. அதை நிறுத்தச் சிலர் செய்வது எர்த் இணைப்பையே துண்டித்துவிடுவது. இரைச்சல் நின்றுவிடும், காப்பும் அதனுடன் போய்விடும். கைகள் உலோகக் கம்பியில், உதடு மைக்கில். இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் அது பாய்வதற்கு உடலே வழி. 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். இரைச்சலை நீக்க டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்றொரு விசை இருக்கிறது. அது குறிக்கம்பியின் தரையிணைப்பை மட்டுமே பிரிக்கும். மின்சார எர்த்தைத் தொடாது. அதைப் பயன்படுத்துங்கள். பிளக்கின் மூன்றாவது காலை மட்டும் வெட்டாதீர்கள். எர்த் இருக்கிறதா என்று காட்டும் சிறு சோதனைக் கருவியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய நீட்டிப்புப் பலகையும் எல்லா ஆபத்தையும் விலக்கிவிடா. ஆனாலும் இவை இல்லாமல் மேடை ஏறுவது அறியாமை.

செவியும் கருவிதான், மாற்று உறுப்பு கிடைக்காத ஒரே கருவி. தொழில்சார் பாதுகாப்புக்கான அமெரிக்க தேசிய நிறுவனத்தின் வரையறைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது பதினைந்தே நிமிடம். டிரம்ஸின் சிம்பலுக்கு அருகே மூன்று மணி நேரம் நிற்பவர் கணக்கிட்டுக்கொள்ளட்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் செவியடைப்பான்கள் ஒலியின் தன்மையை அதிகம் திரிக்காமல் அளவை மட்டும் குறைக்கின்றன. அதை அணிவதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் மேடை வழக்கம் ஒழிய வேண்டும்.

பேணுதல் என்பது பெரும்பாலும் சிறு பழக்கங்களே. வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைப்பது; கடற்கரை ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியை விரைவில் அரித்துவிடும். பேட்டரி உள்ள கிட்டாரானால் கேபிளைக் கழற்றிவைப்பது. செருகியே இருந்தால் இரவெல்லாம் பேட்டரி கரையும். கேபிளை முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல் அதன் இயல்பான வளைவில் மடிப்பது. மரம் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் நெளியும் பொருள் என்பதால் சித்திரை வெயிலில் நிறுத்திய வேனில் கிட்டாரை விடாதிருப்பது. வேனில் விட்ட கருவி திரும்பாமலும் போகலாம். 1972இல் லண்டனில் வேனிலிருந்து திருடப்பட்ட பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸ் திரும்பக் கிடைத்த செய்தி 2024இல்தான் வெளிவந்தது. அவருக்கு உலகமே தேடியது. நம் மெல்லிசைக் கலைஞருக்கு யார் தேடுவார்? மலைபடுகடாத்தின் கூத்தர் தம் கருவிகளை எல்லாம் பையிலிட்டு, பலாக்காய்க் கொத்துப்போல் சீராகத் தொங்கவிட்டுச் சுமந்து மலைவழி நடக்கிறார்கள். முழவும் ஆகுளியும் குழலும் அவர்கள் தோளைவிட்டு அகலவில்லை. வறுமையில் நடந்தவர்கள்தாம் அவர்கள். ஆயினும் கருவியைக் கட்டிய விதத்தில் வறுமை இல்லை.

"ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் ஊதியத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. விழாக்குழுவினர் மின்விளக்குத் தோரணத்துக்குத் தருவதை மேடைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தருவதில்லை. அதனால்தான் மலிவானவற்றிலிருந்து தொடங்கும் வரிசையைச் சொன்னேன். துணியும் பழக்கமும் இலவசம். நல்ல கேபிளும் டி.ஐ. பாக்ஸும் ஓர் ஆம்பின் விலையில் சிறு பகுதி. எர்த் இணைப்போ கலைஞன் செலவில் வர வேண்டியதே அன்று. அது விழா நடத்துவோரின் கடமை. ஒப்பந்தம் பேசும்போதே அதைக் கேட்டுப் பெறும் துணிவு குழுத்தலைவர்களுக்கு வேண்டும்.

பேஸ் கலைஞனுக்குக் கைதட்டல் குறைவு. அவன் நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று அவைக்குத் தெரியும். கவனிக்கப்படாத இடத்தில் நிற்பவன் தன் ஒலியைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஓர் இன்னிசைக் கச்சேரியில் அமரும்போது பாடகரை ஒரு பாட்டு நேரம் மறந்துவிட்டுக் கீழே நடக்கும் அந்தச் சுரங்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். இடி மட்டும் கேட்டால் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சென்று சொல்லுங்கள். சுரம் கேட்டாலும் சென்று சொல்லுங்கள்.