தோளைக் கேட்டு வாங்குங்கள்

போன ஆவணியில் என் அக்கா இரண்டு வளையல்களைப் பாங்கில் வைத்துப் பணம் வாங்கினாள். பெண்ணுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. "லாப்டாப் இல்லாமல் வகுப்புக்கே போக முடியாதாமடி! நீதான் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறாயே, கூட வந்து பார்த்து வாங்கிக் கொடு" என்றாள். போனேன். என்னுடைய அந்தச் சாமர்த்தியத்தின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சிரிக்கக் கூடாது!

கடையில் 16 அங்குலத் திரை ஒன்று பளபளவென்று எங்களைக் கூப்பிட்டது. படம் வரைய வேகம் வேண்டும், பெரிய திரை வேண்டும் என்று நானே அளந்து பேசினேன். விற்பனைப் பையனும் ஆமாம் போட்டான். மேஜைமேல் இருந்ததை மூன்று பேரும் பார்த்தோம். ஒருவராவது கையில் தூக்கிப் பார்த்தோமா? இல்லை. கத்தரிக்காயைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம், பாருங்கள்!

குழந்தை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்க வேண்டும். காலை வேளைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி மழை ஆரம்பித்தபோது, "சித்தி, தோள் ராத்திரியெல்லாம் குடைகிறது" என்றாள். பையை வாங்கி அடுப்பங்கரைத் தராசில் வைத்தேன். லாப்டாப் இரண்டரை கிலோ. அதன் சார்ஜர் மட்டும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. செங்கல்லைப் போல் ஒரு கறுப்புப் பெட்டி! சாப்பாடு, தண்ணீர், நோட்டு எல்லாம் சேர்த்து ஐந்தரை கிலோ. குடைக்கு இடமில்லாததால் நனைந்துகொண்டே போயிருக்கிறாள். கார்த்திகையில் அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். வகுப்பில் சிநேகிதியின் லாப்டாப்பில் ஓசி. வளையலை அடகு வைத்து வாங்கியது மேஜைமேல் உட்கார்ந்துகொண்டது.

சரி, வேகத்துக்கும் கனத்துக்கும் ஏன் இப்படிக் கூட்டுறவு? அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்புத்தான் வேண்டும். படம் தீட்டும் வேகமான சில்லு ஏராளமாகச் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளச் செம்புக் குழாய், விசிறி. மின்சாரம் ஊட்டப் பெரிய பேட்டரி, பெரிய சார்ஜர். எல்லாம் எடைதான். மெல்லியதாகச் செய்தால் சூடு போக வழியில்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆப்பிள் கம்பெனியின் மாக்புக் ஏரில் இப்போது விசிறியே கிடையாது. சத்தமில்லை, சாதாரண வேலைக்குப் பிரமாதம். ஆனால் மணிக்கணக்காகக் கனமான வேலை கொடுத்தால் தளர்ந்து போகும். இன்னொன்று: வேகமான பெரிய இயந்திரங்கள் பெரும்பாலும் சுவரில் செருகியிருக்கும்போதுதான் முழு வேகம் காட்டுகின்றன. ஆகவே அந்தக் கறுப்புச் செங்கல்லை வீட்டில் விட்டுப் போகவும் முடியாது.

இந்த இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. 1981-ல் ஆஸ்பார்ன் என்ற கணினி, தூக்கிச் செல்லக்கூடியது என்ற பெருமையோடு வந்தது. எடை சுமார் 11 கிலோ, திரையோ 5 அங்குலம்! பேட்டரியும் கிடையாது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து முதல் மாக்புக் ஏரை உருவி எடுத்தபோது சபை அசந்து போயிற்று. 1.36 கிலோ. அந்த மெலிவுக்காக சி.டி. போடும் இடம் போயிற்று, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

திரை விஷயத்துக்கு வருவோம். கடையில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தது. 14-க்கும் 15.6-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய கால் பங்கு அதிகம். பெரிய திரைக்கு ஆசைப்படுவது தப்பில்லை என்பதற்காகச் சொல்கிறேன். திரையின் வடிவத்தையும் கவனியுங்கள்: 16-க்கு 10 என்ற கணக்கில் உள்ளது, 16-க்கு 9 என்பதைவிடச் சற்று உயரமானது, கணக்கும் கடிதமும் பார்க்கும்போது கீழே சில வரிகள் கூடுதலாகத் தெரியும். பெரிய திரை என்றாலே பாறாங்கல் என்றும் இல்லை. எல்.ஜி. கிராம் என்பதில் 17 அங்குலம் சுமார் 1.35 கிலோதான். மாக்புக் ஏரில் 13 அங்குலம் 1.24 கிலோ, 15 அங்குலம் 1.51 கிலோ. விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும்.

இதற்கு வழி காட்டியவள் என் ஓரகத்தி. ஆடிட்டர் காரியாலயத்தில் வேலை. சின்னதாக 13 அங்குலத்தில் ஒன்று வாங்கி, எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண்வலி கண்டாள். வேறு லாப்டாப் வாங்குவாள் என்று நினைத்தேன். அவளோ பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு 24 அங்குலத் திரை ஒன்றை வாங்கி மேஜையில் வைத்து, ஒரு வயரால் இணைத்துக்கொண்டாள். வெளியே 13, வீட்டில் 24. எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரையைப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம். கனத்தைப் பிற்பாடு குறைக்க முடியாது. ரேமும் அப்படித்தான்: மெல்லிய லாப்டாப்கள் பலவற்றில் அதை உள்ளேயே பற்றவைத்து விடுகிறார்கள். எட்டு ஜி.பி. வாங்கிவிட்டு மறு வருஷம் பதினாறு ஆக்கலாம் என்று நினைத்தால் நடவாது. ஆகவே கடையில் எடையிலும் ரேமிலும் கண்டிப்பாக இருங்கள்; திரையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நாற்பது தாண்டிய கண்ணும், மேஜையைவிட்டு நகராத லாப்டாப்பும் என்றால் மட்டும் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். என் அத்தை வீட்டில் அப்படித்தான். அவர் அதைக் கூடத்திலிருந்து சமையலறைக்குக்கூட எடுத்துப் போனதில்லை. அவருக்கு எடை எதற்கு?

கடைக்குப் போகும்போது தினசரிப் பையை, தண்ணீர் பாட்டிலோடு, எடுத்துக்கொண்டு போங்கள். லாப்டாப்பையும் சார்ஜரையும் உள்ளே வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு தடவை நடக்கச் சொல்லுங்கள். பையன் விழிப்பான், விழிக்கட்டும். மடியில் வைத்தும் பாருங்கள். மடிக்கணினி என்று பெயர்தான், சிலவற்றை மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும்!

அக்கா பெண்ணின் கதை? விடுதியில் படிக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் அந்தக் கனமானதை வாங்கிக்கொண்டான். அறையிலேயே வைத்து வேலை செய்பவன்; அவனுக்குத் தோள்வலிப் பிரச்னை இல்லை. அந்தப் பணத்தில் இவளுக்கு 14 அங்குலம், 16 ஜி.பி. ரேம், 1.6 கிலோவில் ஒன்று வாங்கினோம். படம் தீட்டுவதில் பழையதைவிட மெதுவாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? ராத்திரி வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறாள். காலையில் படம் தயாராக இருக்கிறது. வளையல்களில் ஒன்று மீண்டு வந்துவிட்டது. மற்றது ஆடிக்குள் வந்துவிடும் என்கிறாள் அக்கா. பையில் இப்போது குடைக்கும் இடம் இருக்கிறது.