ஊர்க் கணக்கை ஊரார் கேட்க வேண்டும்

மாசி பிறந்து பங்குனி முடிவதற்குள் நமது பேரூராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒரு முழு வருஷத்தின் காரியங்கள் நிச்சயிக்கப்பட்டு விடுகின்றன. வாரச்சந்தையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையும், பேருந்து நிலையத்துக் கடைகளும், சைக்கிள் ஸ்டாண்டும், கட்டணக் கழிப்பிடமும் ஏலத்துக்கு வருவதும், ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை எந்தத் தெருவுக்குச் சாக்கடை, எந்தத் தெருவுக்குச் சிமெண்டுத் தளம், எந்தத் தெரு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று விதிக்கின்ற வரவு செலவுத் திட்டம் மன்றத்தின் முன் வைக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். குடும்பத்தின் அன்றாட வாழ்வை இவ்வளவு நெருங்கித் தொடும் கணக்கு வேறொன்றில்லை. ஆயினும் அந்தக் கணக்கை ஊரார் தம் காதால் கேட்டுக் கேள்வி எழுப்புவதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு வழக்கமும் நம் சிறு நகரங்களில் வேரூன்றவில்லை. வேரூன்ற வேண்டும், இந்த வருஷமே தொடங்க வேண்டும் என்பது நமது கட்சி.

கிராமத்துக்கு இந்தப் பாக்கியம் சட்டத்தால் கிடைத்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த கிராம சபை, இப்போது மார்ச் 22ஆம் தேதியும் நவம்பர் 1ஆம் தேதியும் சேர்ந்து, வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் வரவும் செலவும் அங்கே ஜனங்களின் முன் வைக்கப்படுகின்றன. அந்தச் சபைகளில் குறைகள் இல்லாமல் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துபோகும் சபைகளும் உண்டு. இருந்தாலும், நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு மூதாட்டி எழுந்து நின்று, தெருக்குழாய்க்குச் செலவழித்ததாகச் சொல்லும் பணம் எங்கே போயிற்று என்று கேட்க முடிகிறது. அதே மூதாட்டி மூன்று மைல் தள்ளிப் பேரூராட்சி எல்லைக்குள் குடிபெயர்ந்து விட்டால், அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு இடம் எது? மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே உண்டு. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடின. நல்ல ஆரம்பம் என்று மகிழ்ந்தோம். ஆனால் விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்று மனுக் கொடுக்கும் இடமாகவே அவை நின்றுவிட்டால் பயன் பாதிதான். மனு என்பது கேட்டுப் பெறுவது. கணக்குக் கேட்பதோ பிரஜையின் உரிமை.

மன்றத்துக்கே கணக்கு எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பேரூராட்சியின் வரவு செலவுக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட பொருள்கள் கொண்ட நிகழ்ச்சி நிரலை இளநிலை உதவியாளர் ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போனார், ஒவ்வொன்றின் இறுதியிலும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்ற சொற்கள் வந்தன, மேஜைகள் தட்டப்பட்டன. வடிகால் பராமரிப்பு என்ற தலைப்பு வந்தபோது, முதல் முறையாகத் தேர்வாகி வந்திருந்த பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இதில் என் வார்டுக்கு எவ்வளவுங்க ஐயா?" என்று கேட்டார். தாளைப் புரட்டினார்கள், ஊர் முழுமைக்கும் ஒரே தொகைதான் இருந்தது. வார்டுவாரியாகப் பிரித்த கணக்கு செயல் அலுவலரிடமும் இல்லை, தலைவரிடமும் இல்லை. பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். அவர் தயங்கி, தம் முன்னிருந்த தாளில் அந்தத் தொகையின் கீழ் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் எதையும் மறைத்ததாக நாம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஆகையால் விடை தயாரிக்கப்படவுமில்லை.

அந்த வடிகாலின் கதையைத் தொடர்ந்து பார்த்தால் விஷயம் விளங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே ஆவணிக்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடப்பது என்ன? ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்புதல் பெற்று, வேலை உத்தரவு கைக்கு வரும்போது புரட்டாசி பாதி கடந்திருக்கிறது. கூடைகூடையாக அள்ளிய கறுத்த சேறு, பிளாஸ்டிக் பைகளோடும் தேங்காய் மட்டையோடும் வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்கப்படுகிறது. காய்ந்த பிறகு வண்டி வந்து எடுத்துச் செல்லும் என்கிறார்கள். வண்டிக்கு முன்னே மழை வந்துவிடுகிறது. ஒரே இரவில் குவியல் முழுவதும் வந்த வழியே வாய்க்காலுக்குள் திரும்பி இறங்கிவிடுகிறது. அள்ளியதற்கு ஒரு செலவு. அடுத்த மாதம் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது அவசர வேலை என்று இன்னொரு செலவு. அதன்பின் கொசு மருந்துக்கும் புகை அடிப்பதற்கும் மற்றொரு செலவு. தணிக்கையில் இந்த மூன்றுக்கும் ரசீது சரியாக இருக்கும். சேறு எங்கே போயிற்று என்று கேட்கக்கூடியவர் அந்தத் தெருவில் குடியிருப்பவர் ஒருவரே. அவரைக் கேட்கவிடாமல் நடத்தப்படும் நிர்வாகம், தன் வேலையின் பலனைத் தானே அறிந்துகொள்ள இயலாத நிர்வாகமாகிறது.

இது நம் மண்ணுக்குப் புதிய எண்ணம் அன்று. முதற் பராந்தக சோழனுடைய காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இல்லை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்ததும், குடவோலை எடுத்து வாரியங்களை அமைத்ததும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் இருந்ததும், வருஷக் காரியங்களை நோக்குவதற்குச் சம்வத்சர வாரியம் என்றே ஒன்று இருந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அது அந்தணர் சபை என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே அதில் இடமிருந்தது என்பதையும், பெண்களுக்கும் உழுது உழைத்தவர்களுக்கும் அங்கே குரல் இல்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பழமை என்பதற்காக எதையும் போற்றுவது நமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்தக் கல்வெட்டில் நாம் கற்றுக்கொள்ளாமல் விட்ட விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன், அவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும், மறுபடி குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் சபை, கணக்குக் காட்டாத குற்றத்தை அவ்வளவு கடுமையாக எண்ணியிருக்கிறது. இன்று வயது வந்த எல்லோருக்கும் வாக்குண்டு, மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு உண்டு; சபை விரிந்த அளவுக்குக் கணக்குக் காட்டும் கடமையும் விரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பழக்கம் அற்றுப் போனதற்கு அண்மைக் காலத்திலும் ஒரு காரணம் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் மறுபடி தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காலம் தனி அலுவலர்களே மன்றமாகவும் நிர்வாகமாகவும் இருந்தார்கள். செலவைச் செய்தவரும் அதற்கு அனுமதி அளித்தவரும் ஒருவரே. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்த பிறகும் இப்படி நேர்ந்தது என்பது நம் ஜனநாயகத்துக்கு நேர்ந்த பெருங்குறை. உறுப்பினர்கள் திரும்பி வந்தபோது நாற்காலிகள் இருந்தன. கேள்வி கேட்கும் வழக்கம் மறந்து போயிருந்தது.

உள்ளாட்சி நிதித் தணிக்கை இருக்கிறதே, அது போதாதா என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வார்கள். தணிக்கை அவசியமானது, ஆனால் அது ரசீதைப் பார்க்கிறதே ஒழிய வாய்க்காலைப் பார்ப்பதில்லை, அதுவும் வேலை முடிந்து நெடுநாள் கழித்து. கூட்டம் கூட்டினால் கட்சிச் சண்டை வரும் என்பார்கள். வரலாம், அதற்கு அஞ்சி வாயை மூடிவைப்பதைவிட, சண்டையின் நடுவே கணக்கு வெளிவருவது மேல். ஜனங்கள் வரமாட்டார்கள் என்பதுதான் அடிக்கடி சொல்லப்படும் ஆட்சேபம். சொத்துவரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறவர்கள், ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று கேட்டவுடன் வரிசையில் வந்து நிற்கிறவர்கள், தம் பணத்தைப் பற்றி அக்கறையில்லாதவர்கள் ஆவது எப்படி? தம் தெருவின் பெயரும் அதற்கு எதிரே ஒரு தொகையும் வாசிக்கப்படும் என்று தெரிந்தால் வருவார்கள்.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்குப் போகுமுன், பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட வேண்டும். அங்கே வார்டுவாரியாகப் பிரித்த மதிப்பீடு, குத்தகை ஏலங்களின் சென்ற வருஷத் தொகை, வரி நிலுவை ஆகியவை வாசிக்கப்பட வேண்டும். ஆகஸ்டில் மறுபடி கூடி, எந்த வாய்க்கால் எந்தத் தேதியில் தூர்வாரப்படும், சேறு எந்த நாளில் எங்கே கொண்டு கொட்டப்படும் என்பது அறிவிக்கப்பட வேண்டும். தொகைகள் தாளில் மட்டும் இல்லாமல், பள்ளிச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கும் அளவில் எழுதப்பட வேண்டும். பள்ளிக்கூடத் திண்ணை இருக்கிறது; ஒலிபெருக்கி அலுவலகத்திலேயே இருக்கிறது. மார்ச் மாதம் முழுவதும் "நிலுவை வரியைச் செலுத்துங்கள், குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும்" என்று தெருத்தெருவாய் அறிவித்துக்கொண்டு போகும் ஆட்டோவை, அதற்கு ஒரு மாதம் முன்பே புறப்படச் செய்து, கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் சொல்ல வைத்தால் போதும்.