மாடு மேய்க்கவும் படிப்பு வேண்டும்

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும்." இந்த வசவைக் கேட்காமல் பள்ளிப் பருவத்தைக் கடந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் நாட்டில் குறைவு. வீட்டில் அப்பா சொல்வார். வகுப்பில் ஆசிரியர் சொல்வார். தேர்வு முடிவு வந்த நாளில் மாமாவும் அத்தையும் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேட்பவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அதே வகுப்பில், உண்மையிலேயே மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன் உட்கார்ந்திருக்கலாம். அவனால் சிரிக்க முடியாது. சனி, ஞாயிறில் என்ன செய்தாய் என்று நண்பர்கள் கேட்டால், "ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருந்தேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவான்.

அந்த "ஒன்றும் இல்லை" என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் இந்த வசவைக் கைவிட்டுவிடுவோம் என்பது என் நம்பிக்கை.

ஓய்வில்லாத இரண்டு நாள்

பள்ளி நாள்களில் மாட்டு வேலையின் பெரும்பகுதியை அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். வார இறுதியில்தான் பிள்ளைகளின் முறை வரும். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே கொட்டகையில் விளக்கு எரியும். பால் கறக்கும் வேலைக்கு விடுமுறை கிடையாது. காலையும் மாலையும் அதே நேரத்தில் கறக்க வேண்டும். நேரம் தவறினால் மடி கட்டிக்கொள்ளும், பால் குறையும். கறப்பதற்குமுன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சுப் பாலைத் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். பால் திரிந்தோ கட்டியாகவோ வந்தால் அது மடிநோயின் அறிகுறி. அந்த மாட்டுப் பால் மற்றப் பாலோடு கலக்கக் கூடாது. நோய்க்கு ஊசி போட்டால், மருந்தின் அளவு பாலில் இறங்கும்வரை மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு அந்தப் பாலை விற்கவும் கூடாது. எந்த மாட்டுக்கு என்றைக்கு ஊசி, எத்தனை நாள் பாக்கி என்று ஒரு நோட்டுப் புத்தகம் கொட்டகைச் சுவரில் தொங்கும்.

பால் வேலை முடிந்ததும் சாணம் அள்ள வேண்டும், தரையைக் கழுவ வேண்டும், நேப்பியர் புல் வெட்டிச் சுமந்து வர வேண்டும். உடம்பில் உண்ணி இருக்கிறதா, குளம்பில் புண் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாடாகப் பார்க்க வேண்டும். அசை போடாமல் நிற்கும் மாடு எதையோ சொல்கிறது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தால் அது அவசரம். அங்கேதான் மாட்டின் பெரிய இரைப்பை இருக்கிறது. வாயு வெளியேறாமல் தங்கினால் சில மணி நேரத்தில் மாட்டையே இழக்க நேரலாம்.

நாள் கணக்கு வேறு. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றின் குடல் வழியே உடம்பில் சேர்வது முதல் ஒரு நாளுக்குள்தான். அதன்பிறகு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். நாளைக்குத் தேர்வு இருக்கிறது என்று கன்று காத்திருக்காது.

உயிரியல், வேதியியல், கணக்குப்பதிவு மூன்றும் இதில் இருக்கின்றன. இதைப் பதினாறு வயதில் கையால் செய்யும் மாணவனிடம்தான் "மாடு மேய்க்கப் போ" என்கிறோம்.

வண்டி ஓட்டுவதும் ஒரு கலை

மாட்டு வண்டி இன்று நம் கண்ணில் படுவது அரிது. பினாங்கில் தைப்பூசத்தின்போது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதத்தைக் காளைகள் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்க இடமில்லாத கூட்டம், உடையும் தேங்காய்கள், மேளம், கைப்பேசி வெளிச்சம். இவற்றுக்கு நடுவே மிரளாமல் நடக்கும் காளை பிறக்கும்போதே அப்படிப் பிறந்ததில்லை. அதற்குப் பின்னால் ஒருவரின் பொறுமை இருக்கிறது. இளங்காளையை எடுத்தவுடன் வண்டியில் பூட்டுவதில்லை. முதலில் வெறும் நுகத்தடி, பிறகு ஒரு கட்டையை இழுக்கும் பழக்கம், பிறகு காலி வண்டி, கடைசியில்தான் பாரம். இடப்பக்கம் பழகிய காளையை வலப்பக்கம் பூட்டினால் அது தடுமாறும். அதனால்தான் வண்டிக்காரர்கள் இடத்து மாடு, வலத்து மாடு என்று பிரித்துச் சொன்னார்கள்.

இரண்டு சக்கர வண்டியில் அச்சுதான் நடுப்புள்ளி. சுமையை முன்னால் அதிகம் ஏற்றினால் பாரம் மாட்டின் கழுத்தில் இறங்கும். பின்னால் அதிகம் ஏற்றினால் ஏர்க்கால் மேலெழும்பி, கழுத்தில் கட்டிய கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம், பின்பாரம் என்று நம் தாத்தாக்கள் பேசிக்கொண்டது இதைத்தான். நெம்புகோல் தத்துவத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர்களே, அவர்கள் அதைப் பெயர் சூட்டாமலேயே தினமும் கையாண்டார்கள்.

இதே கலை ஐரோப்பாவில் என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே குதிரை வண்டி ஓட்டுவது ஓர் அனைத்துலகப் போட்டி. மூன்று பகுதிகளாக நடக்கும். முதலில் குதிரைகள் எவ்வளவு கட்டுப்பாட்டோடும் நயத்தோடும் நடக்கின்றன என்று நடுவர்கள் பார்ப்பார்கள். அடுத்தது தடைகள் நிறைந்த நீண்ட ஓட்டம். மூன்றாவதில், வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே வண்டியைச் செலுத்த வேண்டும். கூம்பின் மேல் இருக்கும் பந்து விழுந்தால் தண்டப் புள்ளி. பிரிட்டிஷ் இளவரசர் பிலிப் 1964 முதல் 1986 வரை அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் இந்தப் போட்டிக்கு அனைத்துலக விதிகள் வகுக்கப்பட்டன. 50 வயதில் போலோ விளையாட்டை விட்ட பிறகு அவரே இதில் இறங்கினார். 90 வயதைத் தாண்டியும் வண்டி ஓட்டினார்.

இளவரசர் வாரைப் பிடித்தால் விளையாட்டு. நம் தாத்தா கயிற்றைப் பிடித்தால் படிக்காதவன் வேலை. இந்தக் கணக்கு எங்கே பிசகியது?

வசவு பிறந்த இடம்

இந்த நிலத்தின் ஊர்ப்பெயர்களிலேயே மாடும் வண்டியும் இருக்கின்றன. சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் என்ற பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளில்தான் நகருக்குத் தண்ணீர் போனது. வண்டியோட்டிகளில் பலர் தென்னிந்தியர்கள். சிராங்கூன் சாலைப் பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். இன்று பொங்கல் காலத்தில் அதே லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். நாம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு நாள் மாட்டுக்கு மாலை, மற்ற நாள்களில் மாடு வளர்ப்பவருக்கு வசவு.

ஆனால் பெற்றோரைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அவர்கள் தோட்டத்து வாழ்க்கையைக் கண்டவர்கள். தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலைதான் குடும்பத்தின் வருமானம். அது போதாதபோது லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு மாடுதான் பள்ளிக் கட்டணமாகவும் மருத்துவச் செலவாகவும் மாறியது. பிள்ளை படிக்காவிட்டால் அவனுக்கு வேறு வழியே இருக்காது என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயம்தான் இந்த வசவாக வெளிவந்தது. வேறு வழியில்லாமல் ஒரு வேலைக்குப் போவதுதான் அவர்களுக்கு வலித்தது. அந்த வலியை நாம் மாட்டின் மேல் ஏற்றிவிட்டோம்.

மாடு வளர்ப்பவர்கள் எல்லாரும் பொறுப்பானவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. மாட்டைச் சாலையில் அவிழ்த்துவிட்டு விபத்துக்குக் காரணமாவோரும் இருக்கிறார்கள். இடம் போதாமல், நிழல் இல்லாமல் கட்டிப்போடுவோரும் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைப்பவர் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ பெறலாம். படிப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அறியாமல் வளர்ப்பதால் மாட்டுக்கும் துன்பம், ஊருக்கும் துன்பம்.

இனி என்ன செய்யலாம்?

படிப்புக்கான வழிகள் திறந்தே இருக்கின்றன. செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவம் படிக்கலாம். குளுவாங்கில் கால்நடைப் பயிற்சிக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. சிங்கப்பூரில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். நம் நாடு உண்ணும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்தத் துறையில் ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வசவை வகுப்பறையிலிருந்து எடுத்துவிடுங்கள். புறப்பாட நடவடிக்கைகளுக்குப் புள்ளி வழங்கும்போது, வார இறுதிகளில் கொட்டகையில் உழைக்கும் மாணவரால் ஏன் முகாமுக்கு வர முடியவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பல்கலைக்கழக நேர்காணலில் உங்கள் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். எத்தனை மாடு, எத்தனை லிட்டர் பால், எத்தனை கன்றுகளைக் காப்பாற்றினீர்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். வகுப்பில் மற்றவர்கள் இனிமேல் படிக்கப்போகும் பாடத்தை நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள்.

மற்ற மாணவர்களே, அப்படி ஒரு நண்பன் உங்களுக்கு இருந்தால், அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு மாட்டுக்காவது உங்கள் கையால் புல் வெட்டிப் போடுங்கள். அதன்பிறகு அந்த வசவை நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள்.