பிடித்த கையை விடுவதும் பாசமே

"நேற்றுத்தான் தொட்டிலில் போட்டு ஆட்டியது போல இருக்கிறது, அதற்குள் வளர்ந்துவிட்டார்களே!" என்று ஆதங்கப்படாத தாய்மார் நம் சங்கத்தில் இருக்க முடியாது. ஆண்டு விழாவில் சந்தித்து நலம் விசாரித்து முடித்தால் அடுத்த பேச்சு இதுதான். ஒரு மகளையும் ஒரு மகனையும் மும்பையில் வளர்த்து ஆளாக்கிய கத்தோலிக்கத் தாய் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் வேகமாக வளர்வது குறையல்ல. அந்த வேகத்துக்கு ஏற்ப நாம் விட்டுக்கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

இந்துக் குடும்பங்களில் காதுகுத்து, வித்யாரம்பம் என்று இருப்பது போல எங்களுக்கும் சில படிகள் உண்டு. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பேச்சு வராது. குருவானவரின் கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பதில் சொல்கிறோம். புதுநன்மை வாங்கும் நாளில் பிள்ளை தானே பீடத்தை நோக்கி நடக்கிறது. பத்து வயதுக்கு மேல்தான் புதுநன்மை என்று ஒரு காலத்தில் பல இடங்களில் வழக்கம் இருந்தது. விவரம் தெரியத் தொடங்கும் ஏழு வயதளவிலேயே கொடுக்க வேண்டும் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆணை பிறப்பித்தார். ஏழு வயதுக்கும் ஒரு மனசாட்சி உண்டு என்பதுதானே அதன் பொருள்? பின்னர் உறுதிபூசுதல். ஞானஸ்நானத்தில் நாம் கொடுத்த வாக்குறுதிகளை அன்று பிள்ளை தன் வாயால் புதுப்பிக்கிறது. நமக்கு அங்கே பேச்சில்லை. கேட்டுக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை.

ஆனால் நடப்பது என்ன? புதுநன்மைக்கு ஹால், கேக், வீடியோ என்று அமர்க்களப்படுத்துகிறோம். தனியாக நடந்து காட்டிய அதே பிள்ளை பத்தாவது முடித்ததும் சயின்ஸா, காமர்ஸா என்று அதனிடம் கேட்காமல் முடிவு செய்கிறோம். சடங்கை ஏற்றோம், அதன் பொருளை ஏற்கவில்லை.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது முதலில் கற்ற பாடங்களில் ஒன்று, இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் விட வேண்டிய இடைவெளி. 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். நீள்வதற்கு இடம் இல்லாவிட்டால் பாதை வளைந்துவிடும். அதற்காக மனம்போல இடைவெளி விட்டாலும் வண்டிக்கு ஆபத்து. அளவோடு விட வேண்டும். குடும்பத்துக்கும் இதே கணக்குத்தான்.

என் மகள் 12ஆம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தும் நர்சிங் படிக்கிறேன் என்றாள். "இன்ஜினியர் வீட்டுப் பெண்ணுக்கு இது தேவையா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். நான் அவள் பக்கம் நின்றேன். இன்று கடல் கடந்து வேலை செய்கிறாள். மகனும் வேறு ஊரில். இரவு செபமாலை சொல்ல இப்போது என் கணவரும் நானும் மட்டுமே. வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் என் பிள்ளைகள், மங்கள வார்த்தை செபத்தை இன்றும் தமிழில்தான் சொல்கிறார்கள். வீட்டில் இருந்த காலத்தில் தினமும் அரை மணி நேரம் சேர்ந்து முழந்தாளிட்டதன் பலன் அது. பக்கத்தில் இருக்க வேண்டிய காலத்தில் இருந்துவிட்டால், விட வேண்டிய காலத்தில் விடுவதற்கு மனம் வரும்.

லூக்கா நற்செய்தியில் மரியன்னையும் 12 வயது மகனைக் காணாமல் மூன்று நாள் தவித்தார். கோயிலில் கண்டபோது மகன் சொன்ன பதில் உடனே விளங்கவில்லை. ஆனாலும் மகனுடன் வாதாடவில்லை, எல்லாவற்றையும் உள்ளத்தில் பத்திரப்படுத்தினார் என்கிறது நற்செய்தி. விளங்காததையும் பொறுமையோடு மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்த தாய் அவர்.

சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான். தினமும் அரை மணி நேரத்தை டியூஷனுக்கும் டி.வி.க்கும் செல்போனுக்கும் கொடுக்காமல் பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்த மதமானாலும் சரி, தமிழில் ஒரு பிரார்த்தனை சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் உள்ளவர்கள், அவர்கள் முடிவெடுக்கும்போது கேட்டுக்கொண்டு நிற்கப் பழகுங்கள். இரண்டுமே தாயின் கடமைதான்.