ஆட்டம் அமைக்கும் கல்வியும் தமிழ்த்துறையும்

விளையாட்டு என்பது பாடவேளைக்கு வெளியே நிற்கும் பொருள் என்றே நம்மிற் பலரும் எண்ணிப் பழகிவிட்டோம். 'விளையாட்டுப் பிள்ளை' என்றும் 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றும் நாம் வழங்கும் சொற்களே இதற்குச் சான்று. தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென வகுத்து, செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாட்டியலை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் நம் மாணவர்கள், அந்த நான்காவது சொல்லில் ஒருகணம் நின்று பார்த்ததுண்டா?

இவ்வினாவுக்கு இன்று ஒரு தேவை எழுந்துள்ளது. ஆட்டங்களை வடிவமைக்கும் கலை பல நாடுகளில் பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது. இந்திய அரசும் அசைவூட்டம், கணினி விளையாட்டு முதலிய துறைகளுக்கென 2022இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. இச்செய்தியைக் கேட்கும் கடலூர் மாணவரும் சிதம்பரம் மாணவரும் என்ன எண்ணுகின்றனர்? விலை மிகுந்த கணினி வேண்டும், சென்னையிலோ பெங்களூரிலோ பெருங்கட்டணம் கட்டிப் பயில வேண்டும், ஆங்கிலம் தங்குதடையின்றி வரவேண்டும். ஆதலின் இது நமக்குரியதன்று என ஒதுங்கிவிடுகின்றனர். கருவியை இயக்கக் கற்பதும் ஆட்டத்தை அமைக்கக் கற்பதும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த மயக்கம் இது. எழுத்தாணி செய்யக் கற்றவனெல்லாம் புலவனாகிவிடுவதில்லையே.

அடிப்படைதான் யாது? ஹுனிக்கே, லெப்ளாங்க், சூபெக் என்னும் மூவர் 2004இல் எழுதிய கட்டுரையொன்று இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவது. ஆட்டத்தை மூன்று அடுக்காகக் காண வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அமைப்பவர் விதிகளை மட்டுமே எழுதுகிறார். ஆடும்போது அவ்விதிகள் ஒன்றோடொன்று மோதி ஓர் இயக்கத்தைப் பிறப்பிக்கின்றன. அவ்வியக்கத்திலிருந்தே ஆடுவோர் நெஞ்சில் சுவை பிறக்கிறது. அச்சுவைக்கு அவர்கள் எட்டு வகை காட்டினர். நம் மெய்ப்பாடும் எட்டே! எண்ணிக்கை ஒத்திருப்பதைக் கொண்டு தொல்காப்பியரே இத்துறையின் தந்தை என்று மேடையில் முழங்கிவிட வேண்டா. இரண்டு எட்டுகளும் வேறு வேறு. எனினும் சுவை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராயும் பழக்கம் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று என்பதை இது நினைவூட்டுகிறது.

பரமபதம், தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பரமபதத்தில் விழுந்த எண்ணின்படி காய் நகரும். ஆடுவோர் முடிவெடுக்க இடமேயில்லை. தாயத்திலும் எண் நம் கையில் இல்லை, ஆயின் எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் உள்ளது. ஆடுபுலியில் வாய்ப்புக்கு இடமே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் கூடி அடைக்கும். இருதரப்புக்கும் வலிமையும் வேறு, விதியும் வேறு, ஆயினும் ஆட்டம் ஒருபுறம் சாய்ந்துவிடுவதில்லை. ஒரு புலியைக் கூட்டியோ மூன்று ஆட்டைக் குறைத்தோ ஆடச் சொன்னால், சமநிலை என்பது யாதென்று மாணவர் அரைமணியில் உணர்ந்துகொள்வர். அதற்குக் கணினி வேண்டுவதில்லை. சுண்ணக்கட்டியும் புளியங்கொட்டையும் போதும்.

பல்லாங்குழி இன்னும் ஆழமான பாடம். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாக எழுபது முத்து. தொடக்கத்தில் இருவரும் நிகரானவர். ஓர் ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் தம் குழிகளை நிரப்ப முத்தின்றிச் சிலவற்றைக் காலியாக விடுகிறார். அடுத்த ஆட்டத்தில் அக்குழிகள் அவருக்கு இல்லை. உள்ளவர்க்கே மேலும் சேர்கிறது. இளையான்குடி சாகிர் உசேன் கல்லூரியில் தமிழ் கற்பித்த அறிஞர் தொ. பரமசிவன், தனியுடைமை தோன்றிய வரலாற்றையே இவ்வாட்டத்தில் கண்டு எழுதினார். இதே கருத்தை அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மேகி ஆட்டமாகவே அமைத்தார். நிலவுடைமையின் தீங்கை மக்கள் ஆடியே அறியட்டும் என அவர் ஆக்கிய ஆட்டத்துக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் உலகெங்கும் விற்பனையான மோனோபொலிக்கு அதுவே மூலம். பல்லாங்குழி வகை ஆட்டங்களுக்கு உலக ஆய்வாளர் வழங்கும் 'மன்கலா' என்னும் பெயரும், நகர்த்துதல் என்னும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்ததே.

இவ்வறிவு பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. இணையவழிச் சூதாட்டத்தில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர் பலர். தமிழ்நாடு அரசு 2022இல் தடைச்சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்களே எனக் கொண்டு, அவற்றைத் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. திறனா வாய்ப்பா என்னும் வழக்கே மன்றமெங்கும் பேசப்பட்டது. எம் கருத்தில் கேள்வி அங்கே இல்லை. திறன் ஆட்டமாயினும், நொடிக்கொரு சுற்றாக விரைவதும், இழந்ததை அடுத்த சுற்றில் மீட்டுவிடலாம் என்னும் ஆசையைத் தூண்டுவதும், நிறுத்தி மூச்சுவிட இடம் தராததும் ஆகிய அமைப்பிலன்றோ கண்ணி இருக்கிறது! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனாயினும் வாய்ப்பாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சட்டம் தடுக்கட்டும். ஆயினும் கண்ணியைப் பின்னுவோர் அடிப்படைகளைக் கசடறக் கற்றிருக்க, அதில் சிக்கும் நம் பிள்ளைகள் ஒன்றும் கல்லாதிருப்பது எங்ஙனம் தகும்?

இதே கலை எத்துணை மென்மையாகவும் அமையக்கூடும் என்பதற்கு 'வெண்பா' சான்று. கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கி 2023இல் வெளியிட்ட கணினி ஆட்டம் அது. புலம்பெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, தன் அன்னையின் சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை உய்த்துணர்ந்து இட்டலி முதலியன சமைக்கிறாள். ஏட்டில் செல்லரித்த இடத்தை நிரப்பும் பதிப்பாசிரியர் பணி அன்றோ இது! பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு 2024இல் முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. தமிழ் வீட்டின் அடுக்களையை உலகம் ஆடிப் பார்த்தது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. தனிப்பட்டம் வேண்டா, தமிழ் இளங்கலையில் விருப்பப்பாடமாக ஒரு தாள் போதும். கடலூர் மாவட்டக் கலைக்கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. ஆதலின் பாடத்திட்டக் குழு அங்கே ஒருமுறை கூடி இசைந்தால் மாவட்டம் முழுமைக்கும் வழி பிறக்கும். அப்பல்கலைக்கழகத்திற்கு இது அயலும் அன்று. 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலில் ஆடுமுறைகளை முறையாகத் தொகுத்த தேவநேயப் பாவாணர், பின்னர் 1956 முதல் 1961 வரை பணியாற்றிய இடம் அதுவே.

இதனால் எல்லார்க்கும் வேலை கிடைக்குமா எனச் சிலர் வினவுவர். கிடைக்காது. நன்னூல் கற்பித்தபோது அவ்வினாவை எவரும் எழுப்பியதில்லை என்பதை மட்டும் சொல்லி அமைவோம்.

முதற்பருவத்தில் மாணவர் தத்தம் ஊருக்குச் சென்று விதிகளைக் கேட்டு எழுதி வரட்டும். பரங்கிப்பேட்டைத் தெருவில் ஆடும் தாயத்துக்கும் காட்டுமன்னார்கோயிலில் ஆடுவதற்கும் வேறுபாடு உளதா, உளதாயின் அவ்வேறுபாட்டால் ஆட்டம் நீள்கிறதா குறைகிறதா என்று குறித்து வரட்டும். இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருவரும் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்து, அதன் விதிகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் தெளிந்த தமிழில் எழுதித் தரவேண்டும். எழுதியவர் வாய்திறந்து விளக்கம் சொல்லக்கூடாது. தேர்வாளர் இருவர் அத்தாளை மட்டும் படித்துவிட்டு, தரையில் எதிரெதிரே அமர்ந்து ஆடிப் பார்த்து மதிப்பெண் இடுவாராக.