கூத்தும் பள்ளிக்கூடமும்

திருத்தணி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் உற்சவம் என்றால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். துரியோதனனின் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டையில் செதுக்கியவை. அவற்றைச் சுமந்துகொண்டு பாடிச் சுழல்வதற்குச் சிறு பிராயத்திலேயே பழக வேண்டும். ஆனால், இரவெல்லாம் ஆடிய பையன் காலையில் கணக்கு வாத்தியார் முன் கொட்டாவியல்லவா விடுவான்? அதனால் கூத்துக்குப் போனவனுக்குப் பள்ளிக்கூடம் போயிற்று.

இந்தச் சங்கடத்துக்குத் தெற்கே, காஞ்சீபுரத்தருகே புஞ்சரசந்தாங்கலில் ஒரு பரிகாரம் கண்டார்கள். கட்டைக்கூத்துக் கலைஞர் ராஜகோபாலும், டச்சு நாட்டில் பிறந்த அவர் மனைவி ஹன்னே டி புருயினும் 2002-ல் குருகுலம் தொடங்கி, பாடமும் கூத்தும் சேர்த்தே கற்பிக்கச் செய்தனர். ஆண்களே கட்டிவந்த வேஷங்களைப் பெண் குழந்தைகளும் கட்டினர்!

2020-ல் அது மூடப்பட்டது. பெண்ணுக்குப் பரதம் கற்பிக்கப் பெருமைப்படும் நாம், கூத்து வாத்தியாரைக் கண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?