எட்டு டம்ளர் கணக்கு

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் கிடையாது. 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்ற அடுத்த வரியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ரசம், மோர், வெள்ளரிக்காய், ஏன், இட்லியிலும் நீர் உண்டு. ஏசி அறையில் வேலை பார்க்கும் ஆரோக்கியமானவருக்குத் தாகமே போதுமான வழிகாட்டி. இதய பலவீனமோ முற்றிய சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், நல்லதுதானே என்று லிட்டர் கணக்கில் குடித்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கதை வேறு. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கத்தான் வேண்டும். என் கவலையெல்லாம் குடிக்க முடியாதவர்களைப் பற்றியது. சித்திரை வெயிலில் கல் சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கும், காலையில் கொண்டுபோன பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பள்ளிச் சிறுமிக்கும் தாகம் இருக்கிறது, ஒதுங்க இடம் இல்லை. நீர்க்கடுப்பில் துடிக்கும் அந்தப் பிள்ளையிடம் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லுமுன், பள்ளிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் இருக்கிறதா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும்.